இளவரசருக்குத் தெரிய வேண்டாம்

பெயர்: ஸாயிப்பின் தொங்சூக். வயது: நாற்பத்தாறு. தொழில்: லிகே நாடகக் குழுவில் உடை தைப்பது, வேஷம் கட்டிவிடுவது. ஊர்: ஆங்தொங் மாகாணம், விசேட் சாய்ச்சான் வட்டம், நோய் ஆற்றங்கரையில் படகுத்துறைக்கு அடுத்த வீடு. எதிரிக்கு என்ன உறவு என்ற இடத்தில் முதலில் "அக்கா" என்று எழுதப்பட்டு, என் வேண்டுகோளின்படி அது அடிக்கப்பட்டு, "மனைவி" என்று எழுதப்பட்டது. அடித்த இடத்தில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

புத்த ஆண்டு 2541, மார்ச் மாதத்தில், காவல் நிலையத்தில் துணை ஆய்வாளர் தவின் அவர்கள் முன்னிலையில் நான் சொல்வது:

லாக்கப்பில் இருக்கும் புன்மா என் கணவர். மேடையில் அவர் பெயர் தேப்பரித். அவர் தன் பெயரைத் தேப்பரித் என்றும் வயதை நாற்பத்தொன்று என்றும் நேற்று சொன்னது போலீஸை ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணத்தில் அல்ல. யார் கேட்டாலும் அவர் அதைத்தான் சொல்வார். கோவில் பிக்குவிடமும் பல் டாக்டரிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறார். அவருக்கு வயது ஐம்பத்திரண்டு.

நான் இந்த வாக்குமூலத்தை நானாக முன்வந்து கொடுக்கிறேன். மே சம்லி என்ற அறுபத்தெட்டு வயது விதவை அம்மாவை, தான் கல்யாணமாகாதவன் என்று நம்பவைத்து, காதல் காட்டி, அவருடைய தங்கச் சங்கிலியை வாங்கிக்கொண்டதாக அந்த அம்மாவின் மகன் கொடுத்த புகாருக்கு, என் கணவர் நேற்று "ஆமாம், அப்படித்தான்" என்று எழுதிக் கொடுத்துக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். அவர் அப்படி எதுவும் செய்யவில்லை. அந்த அம்மா ஏமாறவும் இல்லை. அவருக்குக் கல்யாணமானது அந்த அம்மாவுக்குப் பதினோரு வருடமாகத் தெரியும். அந்த அம்மாவுக்குத் தெரியும் என்பதுதான் என் கணவருக்குத் தெரியாது. அவருக்கு அது தெரியவராமலே இந்த வழக்கிலிருந்து அவரை வெளியே விட வேண்டும் என்பது என் கோரிக்கை. இரண்டும் சேர்ந்து நடக்குமா என்று எனக்குத் தெரியவில்லை, இருந்தாலும் கேட்டுவைக்கிறேன்.

எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம் ஆகிறது. என் ஊரில் பெரியவர்கள் மணிக்கட்டில் நூல் கட்டி நடத்திவைத்த கல்யாணம். வட்ட அலுவலகத்தில் பதிவும் செய்தோம். அப்போது அவர் மேடையில் மூன்றாம் மந்திரி. அடுத்த வருடம் அவருக்கு இளவரசர் வேஷம் கிடைத்தது. இளவரசர் வேஷம் போடுகிறவருக்குப் பெண்டாட்டி இருக்கக் கூடாது என்பது லிகே குழுக்களில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத வழக்கம். மே யோக்குகளுக்காக அந்த வழக்கம். மே யோக் என்றால் என்னவென்று ஐயாவுக்குத் தெரியும், புகார் கொடுத்தவர் பாங்காக்கில் இன்சூரன்ஸ் வேலை பார்ப்பவர் என்பதால் எழுதிக்கொள்ளச் சொல்கிறேன். கோவில் திருவிழாவில் முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்து, தங்களுக்குப் பிடித்த இளவரசரைத் தத்தெடுத்தது மாதிரி பார்த்துக்கொள்ளும் பெண்கள் அவர்கள்; மே என்றால் அம்மா. பாத் நோட்டுகளை மாலையாகக் கட்டி அவர் கழுத்தில் போடுவார்கள். வேஷத்துக்குச் சரிகைத் துணி எடுத்துத் தருவார்கள். அவர் மேடையில் ஒரு தடவை இருமினால் மறுநாள் நான்கு வீட்டிலிருந்து மருந்து வரும். எங்கள் லாரிக்குப் பின்னால் வேன் பிடித்து ஊர் ஊராக வருவார்கள். பெரும்பாலும் பேரன் பேத்தி எடுத்தவர்கள். இளவரசர் தங்களுக்கே சொந்தம் என்று அவர்கள் நினைத்துக்கொள்ள இடம் விட வேண்டும்.

அதனால் என் கணவர் என்னைத் தங்கை என்று சொல்லிவந்தார். அதன் பிறகு பத்து வருடத்தில் அவர் வயது நாற்பத்தொன்றில் நின்றுவிட்டது. என் வயது நிற்கவில்லை. நான் அவரைத் தாண்டிய வருடம், ஒருநாள் அவருக்குப் புருவம் எழுதிக்கொண்டிருக்கும்போது கண்ணாடியில் என்னை உற்றுப் பார்த்து, "ஸாயி, இனிமே உன்னைத் தங்கச்சின்னு சொன்னா எவனும் நம்ப மாட்டான். அக்கான்னு சொல்லிடலாமா?" என்று கேட்டார்.

"பாட்டின்னு சொல்ற வரைக்கும் கூடவே இருக்கேன், சொல்லிக்கங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நல்ல யோசனைதான் என்பது போலத் தலையாட்டினார். அன்றிலிருந்து நான் அக்கா. அதனால்தான் இன்று காலை உறவு என்ன என்று ஐயா கேட்டபோதும் வாயில் அதுவே வந்தது.

என் கணவரைத் தற்பெருமைக்காரர் என்று குழுவில் எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்வேன். எங்கள் லாரியின் பக்கக் கண்ணாடி டிரைவருக்கு உதவியதைவிட இவருக்கு உதவியதுதான் அதிகம். அடுத்தவர் பேசும்போது அவர் கேட்டுக்கொண்டிருப்பது போலத் தெரியும், உண்மையில் தன் முறை எப்போது வரும் என்று காத்திருப்பார். என் அப்பாவை எரியூட்டிய அன்று அவர் பாடினார், நன்றாகத்தான் பாடினார். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்ததும், "உங்க சித்தி அப்படி அழுதாங்களே, அது அப்பாவுக்கா, என் பாட்டுக்கா?" என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் அவர் தட்டைத் தூக்கி ஆற்றில் வீசியிருப்பேன். வீசவில்லை. "பாட்டுக்குத்தான்" என்றேன். அதன் பிறகு அவர் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவருடைய அம்மாவும் லிகே பாடகி. ஆறு வயதில் இவரைக் குட்டி இளவரசராக மேடையேற்றியிருக்கிறார். பவுடர் பூசிக் கிரீடம் வைத்த பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுவாராம். வேஷம் கலைந்ததும் முகத்தைக்கூடப் பார்க்காமல், "போய்ப் படு" என்பாராம். அதனால் பையன் பொட்டும் மையுமாகவே தூங்கப் பழகிவிட்டான், தலையணையெல்லாம் கருப்பாக இருக்குமாம். இதை என்னிடம் அவர் வருத்தமாகச் சொல்லவில்லை. தன் அம்மாவுக்குத் தன்மேல் எவ்வளவு பிரியம் என்பதை விளக்குவதற்காகச் சொன்னார். நான் அன்று தைத்துக்கொண்டே கேட்டேன்.

இப்போதும் வேஷம் கலைத்த பிறகு கொஞ்ச நேரம், எந்த ஊரில் இறங்கியிருக்கிறோம் என்று தெரியாத பயணி மாதிரி உட்கார்ந்திருப்பார். அப்போது நான் எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பேன், மாங்காய் நறுக்கட்டுமா, முதுகில் தைலம் தேய்க்கட்டுமா என்று. மெதுவாகப் பதில் சொல்லத் தொடங்குவார். அப்படிப் பதில் சொல்கிறவர்தான் புன்மா. பெரிய பல்லியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறிக்கொள்வார். என் காலில் முள் ஏறினால் எடுத்துவிட வருவார், கை நடுங்கி, கடைசியில் நானே எடுத்துக்கொள்வேன். அவர்மேல் எனக்கு உயிர். தேப்பரித்தையும் பிடிக்கும்தான், ஆனால் அந்த ஆளோடு குடித்தனம் நடத்த முடியாது.

அடுத்து, மே சம்லி அம்மாவுக்கு விஷயம் தெரிந்தது எப்படி என்பதைச் சொல்கிறேன். பதினோரு வருடத்துக்கு முன், சிங்புரியில் ஒரு கோவிலில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது, எனக்கு ஐந்து மாதக் கர்ப்பம் கலைந்தது. நான் லாரிக்குள் துணி மூட்டைகளுக்கு நடுவில் கிடந்தேன். மேடையில் இவர் பாடிக்கொண்டிருந்தார். இளவரசருக்குச் சுட்ட மீன் கொடுக்கலாம் என்று பின்பக்கம் வந்த மே சம்லி அம்மா என்னைப் பார்த்துவிட்டு, மீனைக் கீழே போட்டுவிட்டு, வேன்காரரைக் கூப்பிட்டு என்னைத் தூக்கி ஏற்றினார். வண்டி கிளம்பும்போது, "தகப்பன் யாரும்மா?" என்று கேட்டார். பாட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த அம்மா மேடைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார், அதன் பிறகு என்னை எதுவும் கேட்கவில்லை, என் தலையை மடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை என் கணவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். வாசலில் வந்தவர், கட்டிலுக்குப் பக்கத்தில் மே சம்லி அம்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அங்கேயே நிமிர்ந்து நின்று, மேடைக் குரலில், "தங்கச்சிக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார். அந்த அம்மா உடனே எழுந்து, "நல்லவேளை வந்தீங்க, நான் டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போய், ரொம்ப நேரம் வரவேயில்லை. அவர் போனதும் என் கணவர் கட்டில் விளிம்பில் தலையை வைத்து அழுதார். ஆள் இல்லாத இடத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். மே சம்லி அம்மா திரும்பி வரும்போது வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்தே பலமாக இருமிக்கொண்டு வந்தார், இவர் முகத்தைத் துடைத்துக்கொள்ள நேரம் கிடைக்கட்டும் என்று.

அன்று சாயங்காலம் எனக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே அந்த அம்மா சொன்னது: "நமக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரிய வேண்டாம். எனக்கு என் இளவரசன் வேணும், உனக்கு உன் புருஷன் வேணும். ரெண்டு பேரும் ஒரே ஆளாப் போயிட்டான், அதுக்கு என்ன பண்றது?"

அந்த மாதம் முடிவதற்குள் முன்வரிசை முழுவதற்கும் விஷயம் தெரிந்துவிட்டது. ஒருவரும் அவரிடம் மூச்சு விடவில்லை. "தங்கச்சிக்கு" என்று சொல்லி எனக்கு இஞ்சிக் கஷாயமும் வயிற்றுக்குக் கட்டத் துணியும் வந்தன. இன்றுவரை அவர்கள், "தேப்பரித், உங்களுக்கு எப்பதான் கல்யாணம்?" என்று ஒரு சிரிப்பும் காட்டாமல் கேட்பார்கள். அவர் வானத்தைப் பார்த்து, "என் இதயத்தின் கதவு இன்னும் திறக்கவில்லை" என்பார். நான் திரைக்குப் பின்னால் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, சிரித்து விரலில் குத்திக்கொள்ளாமல் இருக்கப் பாடுபடுவேன்.

மே சம்லி அம்மா ஏன் இவர்மேல் இத்தனை பிரியம் வைத்திருக்கிறார் என்று ஐயா கேட்டதற்குச் சொல்வது: நானும் ஒருமுறை கேட்டேன். "எங்க வீட்டுக்காரர் நல்லவருதான். ஆனா முப்பது வருஷத்துல ஒருநாள்கூட என் முகத்தைப் பாத்துப் பேசினதில்ல. இவன் மேடையிலேர்ந்து பாக்குறான் பாரு. பொய்யாவே இருக்கட்டுமே, பாக்குறான்ல" என்றார்.

நேற்று நடந்தது: கோவிலில் ஒரு வியாபாரியின் நேர்த்திக்கடனுக்காகப் பகல் ஆட்டம் போட்டோம். இளவரசர் நாடு கடத்தப்பட்டுப் பிச்சை எடுக்கும் காட்சி. என் கணவர் அதில் உண்மையிலேயே நன்றாகச் செய்வார். மே சம்லி அம்மா அழுதுகொண்டே எழுந்து வந்து, நோட்டு மாலைக்குப் பதிலாகத் தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார். எல்லோரும் பார்க்கத்தான் போட்டார். அந்த நேரம் பார்த்து அவருடைய மகன் கம்ப்பொல், பாங்காக்கிலிருந்து அம்மாவைப் பார்க்க வந்தவர், வீட்டில் ஆள் இல்லாததால் தேடிக்கொண்டு கோவிலுக்கு வந்திருக்கிறார். சங்கிலி தன் அப்பா வாங்கியது, தனக்கும் அதில் பங்கு உண்டு என்று புகார் கொடுத்தார். அந்தப் பிள்ளையை நான் குறை சொல்ல மாட்டேன். வீட்டுக் கூடத்தில் செத்துப்போன அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில், அதைவிடப் பெரிதாகத் தேப்பரித்தின் படம் மாட்டியிருந்தால் எந்த மகனுக்கும் வயிறு எரியும். அதன் பிறகு போலீஸ் வந்து, ஆட்டம் முடிந்ததும் கிரீடத்தோடேயே என் கணவரை இங்கே அழைத்து வந்தார்கள். நானும் பின்னாலேயே வந்தேன்.

இங்கே ஐயா அவரிடம், "கல்யாணம் பண்ணிக்கிறதா அந்தம்மாகிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டார்.

"வாயால சொன்னதில்லை, ஐயா. என் கண்ணு சொல்லியிருந்தா அதுக்கு நான் பொறுப்பு ஏத்துக்கிறேன்."

"அவங்களுக்கு அறுபத்தெட்டு வயசு."

"என்னைப் பார்த்தப்புறம் எந்தப் பொம்பளைக்குத் தன் வயசு ஞாபகம் இருக்கும்?"

"பாத்தீங்களா, அவனே ஒத்துக்கிறான்" என்று கம்ப்பொல் மேஜையைத் தட்டினார்.

"ஒத்துக்கிறேன், தம்பி. உங்க அம்மாவோட மனசு என்னால உடைஞ்சிருக்கு. என்ன தண்டனைன்னாலும் கொடுங்க" என்று என் கணவர் மார்பில் கையை வைத்துக்கொண்டு சொன்னார். லாக்கப்பில் இருந்த குடிகாரர் ஒருவர் கைதட்டினார். என் கணவர் அந்தப் பக்கம் திரும்பித் தலைவணங்கிவிட்டு வந்துதான் கையெழுத்துப் போட்டார். இதை ஐயாவும் பார்த்தார். அவரை எனக்குத் தெரியும் என்பதால் சொல்கிறேன், ஒரு பெண்ணின் மனசை உடைத்த குற்றவாளியாக ஜெயிலுக்குப் போவது அவருக்குப் பெரிய கஷ்டம் இல்லை. வீட்டில் பெண்டாட்டியிடம் தைலம் தேய்த்துக்கொள்ளும் ஐம்பத்திரண்டு வயதுக்காரர் என்று முன்வரிசை முழுவதற்கும் எப்போதோ தெரியும், தெரிந்துதான் ரசித்தார்கள் என்றால், அதை அவரால் தாங்க முடியாது. என்ன ஆவாரோ என்று எனக்குப் பயம்.

அதன் பிறகு மே சம்லி அம்மாவை வரவழைத்தார்கள். சங்கிலியை நானேதான் போட்டேன் என்று சொன்னார். அது நல்லபடியாக இருந்தது. அடுத்து ஐயா, வட்ட அலுவலகப் பதிவில் கண்டதை வைத்து, "இவருக்குக் கல்யாணமானது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். என் கணவர் எதிரில் நின்றுகொண்டிருந்தார். கிரீடம் ஒரு பக்கம் சரிந்திருந்தது, இருந்தாலும் மோவாயைத் தூக்கிக்கொண்டு நின்றார். அந்த அம்மா அவரைப் பார்த்தார். அந்த ஒரு பார்வையிலேயே காரியம் கெட்டுவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. "கல்யாணமா? அவருக்கேதுங்க கல்யாணம். எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிவிட்டு, என்னை மன்னித்துவிடு என்பது போல என் பக்கம் பார்த்தார். என் கணவரின் மானத்தைக் காப்பாற்றப் போய் வழக்கைக் கெட்டியாக்கிவிட்டார். வேறு யாராவது பெண்ணாக இருந்தால் உண்மையைச் சொல்லி வீட்டுக்குப் போயிருப்பார். மே யோக்குக்கு அது வராது.

இன்று காலை ஐயா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அவர் ஒப்புக்கொண்டதும் அந்த அம்மா தெரியாது என்று சொன்னதும் அப்படியே நின்றால், அக்கா என்று சொல்லிக்கொண்டு கூடவே இருந்த என்மேலும் ஏமாற்றுக்கு உடந்தை என்று வழக்கு வரும் என்று சொன்னார். இதை என் கணவரிடம் சொல்ல வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டேன். அவருக்கு ஒரே நேரத்தில் இரண்டு விஷயம் தாங்காது. அதன் பிறகுதான் உறவு என்று எழுதிய இடத்தை அடிக்கச் சொன்னேன். நாங்கள் புருஷன் பெண்டாட்டி என்பதும், மே சம்லி அம்மாவுக்கு அது தெரியும் என்பதும், ஆஸ்பத்திரியில் நடந்ததும் உண்மை. எந்த மே யோக்கையும் தனியாக, இவர் காதில் விழாமல் கேட்டால் சொல்வார்கள்.

வாக்குமூலத்தை எனக்கு உரக்க வாசித்துக் காட்ட வேண்டும் என்று ஐயா சொன்னார். லாக்கப்புக்கும் இந்த அறைக்கும் நடுவில் இருப்பது ஒரு பலகைத் தடுப்பு. அவருக்குக் கேட்டுவிடும் என்றேன். ஐயா, காலையிலிருந்து வாசலில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் மே யோக்குகளைக் காட்டி, "அவங்க ஒரு பாட்டு வேணும்னு கேட்டா நான் தடுக்கலை" என்றார். நான் போய் மே சம்லி அம்மாவின் காதில் சொன்னேன். பாட்டு வேண்டும் என்று அவர்கள் எல்லோரும் கேட்டார்கள். காவலோடு என் கணவரை முற்றத்துக்கு அழைத்துப் போனார்கள். அவர் பாட ஆரம்பித்த பிறகு, ஐயா எனக்கு வாசித்துக் காட்டினார்.

வாசித்துக்கொண்டிருக்கும்போது நடந்ததைச் சேர்த்து எழுதச் சொல்லி நான் சொல்வது:

ஆஸ்பத்திரி விஷயத்தை ஐயா வாசித்துக்கொண்டிருந்தபோது முற்றத்தில் பாட்டு நின்றது. அவர் கேட்டுவிட்டார் என்று நினைத்து ஜன்னலுக்கு ஓடினேன். அவர் கேட்கவில்லை. இரண்டு பாட்டுக்கு நடுவில் அவருக்குத் தண்ணீர் கொடுத்த ஏட்டு, என்னவோ ஆறுதல் சொல்லும் நினைப்பில், "அருமையாப் பாடறீங்க. உங்க அக்கா மேலயும் கேஸ் வருதாமே, கூட இருந்து ஏமாத்துனாங்கன்னு. பாவம்" என்று சொல்லியிருக்கிறார்.

என் கணவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "யாரு மேல?" என்று கேட்டார்.

"உங்க அக்கா மேலதான்."

அதன் பிறகு அவர் டம்ளரை ஏட்டிடம் கொடுத்துவிட்டு, பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் பக்கம் திரும்பி, கையை உயர்த்தி, "என் அன்புத் தாய்மார்களே" என்று மேடைக் குரலில் ஆரம்பித்தார். அதற்கு மேல் அந்தக் குரல் வரவில்லை. இன்னொரு முறை முயன்றார், வரவில்லை. அதன் பிறகு வீட்டுக் குரலில் சொன்னார். முள் எடுக்க வந்து கை நடுங்கும்போது வரும் குரல் அது. "உள்ள இருக்கிறவ என் அக்கா இல்லை. என் சம்சாரம். இருபத்திரண்டு வருஷமா. அவளை மறைச்சு வெச்சது நான்தான், அவ ஒரு தப்பும் பண்ணலை. உங்க எல்லார்கிட்டயும் பொய் சொல்லிட்டேன்." சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். முன்வரிசை எழுந்து, பாயைச் சுருட்டிக்கொண்டு போகும் சத்தத்துக்காகத்தான் அவர் காத்திருந்தார். அந்தச் சத்தத்துக்கு அவர் ஆறு வயதிலிருந்து பயந்தவர். அத்தனை பேர் முன்னால் புன்மா நின்றுகொண்டிருப்பதைப் பார்த்து நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

முற்றத்தில் ஒருவரும் அசையவில்லை. அதன் பிறகு மே சம்லி அம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "ஐயோ, பெண்டாட்டி இருக்காளா?" என்று அலறினார். அலறிவிட்டுப் பக்கத்தில் இருந்தவர் தோளில் சாய்ந்தார். பக்கத்தில் இருந்தவர், "யாரு, அந்தத் துணி தைக்கிற பொண்ணா? கனவுலகூட நினைக்கலையே" என்றார். பதினோரு வருடமாக எனக்கு இஞ்சிக் கஷாயம் கொண்டுவந்து கொடுப்பவர் அவர்தான். பின்னால் ஒருவர் மயக்கம் போட்டார், போடும் முன் பாயைச் சரிசெய்துகொண்டார். இன்னொருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனிமே நான் யாருக்காக வாழணும்?" என்று கேட்டார், அவருடைய வீட்டுக்காரர் வேனில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என் கணவர் கண்ணைத் திறந்தார். ஒவ்வொருவராகப் போய்க் கையைப் பிடித்து, கும்பிட்டு, "அழாதீங்க மே, நான் எங்கயும் போயிடலை, பாடிக்கிட்டுத்தான் இருப்பேன்" என்று தேற்றினார். மே சம்லி அம்மா விசும்பலுக்கு நடுவில், "நல்ல பொண்ணு. நல்லா வெச்சுக்க" என்றார். அது மட்டும் நடிப்பு இல்லை.

வாசலில் நின்று தன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்த கம்ப்பொல், முதலில் வாயைத் திறந்தபடி நின்றார், பிறகு வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டார், அவர் தோள் குலுங்கியது. கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்து, புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக ஐயாவிடம் சொன்னார். என் கணவரும் நேற்று எழுதிக் கொடுத்தது தப்பு என்று சொன்னார், அது தனியாக எழுதப்பட்டது.

அதன் பிறகு என் கணவர் ஜன்னலுக்கு வந்தார். என் கண்ணைத் தன் சரிகைக் கைப்பட்டையால் துடைத்துவிட்டார், அது உறுத்தியது. முற்றத்துப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "பாவம் ஸாயி. எவ்வளவு நம்பியிருக்காங்க பாரு" என்றார்.

"ஆமாங்க, பாவம்" என்றேன்.

இதுவரை நான் சொன்னதை ஐயா வாசிக்க முழுவதும் கேட்டேன், நான் சொன்னபடியே எழுதியிருக்கிறது, பொய்யாக ஒன்றும் சேர்க்கவில்லை, யாரும் என்னை மிரட்டிச் சொல்லவைக்கவில்லை. இதன் நகலை என் கணவர் கேட்டால் கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) ஸாயிப்பின் தொங்சூக்
புன்மா தொங்சூக்கின் மனைவி

என் முன்பாக:
(ஒப்பம்) துணை ஆய்வாளர் தவின்